மேட்டுக்கண்டிகைக்கு ஏறிய ஐஸ் பெட்டி

மீன்கார மொய்னுதீனை கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பாதிப் பேருக்கு முகம் பார்த்துத் தெரியும், மீதிப் பேருக்கு ஆரன் சத்தம் கேட்டுத் தெரியும். பிறந்தது பழவேற்காடு. கல்யாணமானதும் கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால் வந்து குடியேறினார். தம்பி நியாஸ் விடியற்காலை வேனில் அனுப்பும் மடவையையும் இறாலையும் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கி, மேலே ஒரு கோணியைப் போர்த்தி, பழைய டியூபால் கேரியரில் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பதினெட்டு வருடமாக அதே சைக்கிள், அதே ரப்பர் ஆரன்.

"ஒரு மொபெட் வாங்கக்கூடாதா பாய்?" என்று கேட்காத ஆளே கிடையாது. அவரும் ஏதோ சொல்லி மழுப்புவார். உண்மை என்னவென்றால், நியாஸின் மொபெட்டில் ஒருநாள் பழகப் போய், பிரேக் பிடிக்கிறேன் பேர்வழி என்று ஆக்சிலேட்டரை முறுக்கி, வண்டியோடு பழவேற்காடு ஏரிக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சும்மா விடுவார்களா? அன்றோடு எஞ்சின் வைத்த சமாச்சாரத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

சனிக்கிழமைகளில் அவர் போவது மேட்டுக்கண்டிகைக்கு. கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரை கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கலாம், அப்படி ஒரு சமதரை. அதைத் தாண்டினால்தான் வம்பு. குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஊருக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், நான்கு வளைவு. மொய்னுதீன் அடிவாரத்திலேயே இறங்கி, முக்கால் மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறுவார். சந்திரகலா வீட்டு வாசலில் நின்று ஆரனை அழுத்தினால் போதும், தெருவே பாத்திரத்தோடு வந்துவிடும். சந்திரகலா வீட்டில் நஞ்சை நிலம் உண்டு, ஊரில் அவள் பேச்சுக்கு மரியாதை உண்டு. அவள் வாங்கினால் எல்லோரும் வாங்குவார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் மே மாதத்தில் அந்தக் காரியம் நடந்தது. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர். இறாலின் தலை லேசாகக் கறுத்திருந்தது. மொய்னுதீன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, 'இப்பவே ஆக்கிடுவாங்க, ஒண்ணும் ஆவாது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு கிலோ நிறுத்துப் போட்டார். சந்திரகலா வீட்டில் ஐந்து பேர் வாந்தியும் பேதியுமாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் தெருமுனையிலேயே நின்றிருந்தாள்.

"உன் ஆரன் சத்தம் இனிமே இந்தத் தெருவுல கேக்கக்கூடாது பாய். திரும்பிப் போய்க்கினே இரு."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். வெயில் என்றார்கள் சிலர், ஏற்றம் என்றார்கள் சிலர், அவர் பேரில் தப்பில்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதுதான் அவரைப் போட்டு அரித்தது. தெரிந்தே விற்றது அவருக்கும் அல்லாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. பிழைப்பு போய்விடவில்லை, மற்ற ஊர்கள் இருந்தன. ஆனால் சனிக்கிழமை வந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது.

மறு வருடம் ஏப்ரலில், தொழிற்பேட்டை வாசல் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மே தினத்தன்று சைக்கிள் ரேஸ். கும்மிடிப்பூண்டி பஜாரில் தொடங்கி மேட்டுக்கண்டிகையில் முடியும். எந்த சைக்கிளானாலும் சரி, யார் வேண்டுமானாலும் வரலாம். மொய்னுதீன் அதை இரண்டு தடவை படித்தார். ரேஸ் முடிகிற இடத்தில் ஊரே கூடியிருக்கும். சந்திரகலா கட்டாயம் இருப்பாள். அன்றைக்கு யாரும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. பெட்டி நிறைய ஐஸைக் கட்டிக்கொண்டு, ஓர் இடத்திலும் கால் ஊன்றாமல் ஏறி, அவள் முன்னால் மூடியைத் திறந்து காட்டிவிட்டால்? பார் அம்மா, ஐஸ் ஐஸாகவே இருக்கிறது, இனிமேல் என் மீன் கெடாது!

வீட்டில் சைதா தலையில் அடித்துக்கொண்டாள். "கூட ரெண்டு கட்டி ஐஸ் போட்டுக்கினு, ஒரு மணி நேரம் முன்னாடி கெளம்பினா முடிஞ்சிது. இதுக்குப் போய் யாராச்சும் ரேஸு உடுவாங்களா? நல்ல கூத்துதான்."

"உனக்குப் புரியாது சைதா."

"எனக்குப் புரியாததா? அந்தம்மாகிட்ட நேராப் போய் தப்புன்னு சொல்ல வாய் வரல. அத்தச் சொல்லு."

மொய்னுதீன் எழுந்து ஆரனைத் துடைக்கப் போய்விட்டார்.

பழகுவதற்கு அந்தச் சமதரையில் மேடு எங்கே கிடைக்கும்? ஹைவே மேம்பாலம்தான் கிடைத்தது. தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் பெட்டியில் மணலை நிரப்பிக்கொண்டு பாலத்தின் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். லாரிக்காரர்கள் கையாட்டிவிட்டுப் போனார்கள். முதல் வாரம் முட்டி வலியில் படுத்துவிட்டார். மூன்றாவது வாரம் மூச்சு வாங்காமல் பத்து தடவை ஏறினார்.

மே ஒன்றாம் தேதி காலை பஜாரில் முப்பது பேர் நின்றார்கள். பெரும்பாலும் உருக்காலை, இரும்புப் பட்டறை ஆட்கள். கியர் சைக்கிள் வைத்திருந்தவன் ஒருவன்தான். பட்டறை வேலைக்காரன் அன்புசெல்வன், இருபத்தெட்டு வயது, போன வருடம் பொன்னேரியில் நடந்த ரேஸில் ஜெயித்தவன். மொய்னுதீன், தம்பியின் பழைய டிராக் பேன்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் பெட்டியோடு வந்து நின்றதும் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாய், ரேஸுல இன்னா மீனு? மடவையா, கெழங்கானா?"

"ஐஸு மட்டுந்தாம்பா. மீனு இல்ல."

"அய்யே! ஐஸுக்கு இன்னாத்துக்கு ஊர்வலம்?"

கூட்டம் சிரித்தது. மொய்னுதீனும் சிரித்து வைத்தார். நடத்துகிறவர்கள் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெட்டி கட்டக்கூடாது என்று எங்கேயும் போடவில்லை. பதினேழாம் நம்பர் துணியை அவர் முதுகில் குத்திவிட்டார்கள்.

விசில் ஊதியதும் எல்லோரும் பறந்தார்கள். மொய்னுதீன் வழக்கமான மிதி மிதித்தார். அவருக்கு யாரையும் முந்த வேண்டியதில்லை. வழியில் ஒரு திருப்பத்தில், பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாக ஆரனை அழுத்திவிட்டது. அவ்வளவுதான், மூன்று வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். அதில் மணியம்மாள் ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"நில்லு பாய், எறா கீதா?"

"இன்னிக்கு ரேஸும்மா! நாளிக்கு வர்றேன்!"

"ரேஸா? உனக்கு இன்னா பைத்தியமா?"

அவள் திட்டியது அடுத்த திருப்பம் வரை கேட்டது. அவர் கால் மட்டும் தரையில் படவில்லை.

தேர்வாய் கண்டிகையைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் பஞ்சராகி உட்கார்ந்திருந்த அன்புசெல்வனை அவர் கடந்து வந்திருந்தார். அடிவாரம் வந்தது. இத்தனை வருடமும் இறங்கிய இடத்தில் இந்தத் தடவை இறங்கவில்லை. பிஸ்மில்லா சொல்லி எழுந்து நின்று மிதித்தார். முதல் வளைவு முடிந்தது. தொடை எரிந்தது. பின்னால் பெட்டி கனமாகக் கீழே இழுத்தது, ஆனால் அந்தக் கனம் அவருக்குப் பழகிய கனம். இரண்டாவது வளைவில் அன்புசெல்வன் பஞ்சர் ஒட்டிக்கொண்டு விருட்டென்று பின்னாலிருந்து வந்தான்.

"பாய், ஐஸு உருகுது பாரு!" என்று கத்திவிட்டு முந்திப் போனான்.

மூன்றாவது வளைவில் அவன் செயின் அறுந்தது. எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மொய்னுதீன் வளைவு திரும்பியபோது ரோட்டோரம் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தான். அது அதற்குள்ளேயே கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

மொய்னுதீன் நிற்கவில்லை. இன்னும் ஒரே ஒரு வளைவு. இந்த ஏற்றத்தில் ஒரு தடவை காலை ஊன்றினால், இவ்வளவு கனத்தோடு மறுபடி ஏறி மிதிக்க முடியாது. பின்தங்கியவர்களை ஏற்றிவர ரேஸ் கமிட்டி டிராக்டர் பின்னால் வரும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 'ஒண்ணும் ஆவாது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

சொன்ன மறுநொடியே அந்த வார்த்தை எங்கே கேட்டது என்று தெரிந்துபோயிற்று. கறுத்த இறாலைப் பார்த்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து கூட மாறவில்லை.

காலை ஊன்றினார்.

சைக்கிளை ஒரு கல்லில் சாய்த்துவிட்டு பெட்டியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று கட்டி கட்டியாக அப்படியே இருந்தது ஐஸ். பார்த்ததும் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். பெரிய கட்டிகளாக எடுத்துத் தன் துண்டில் பொதிந்து அவன் காலில் கட்டினார். அதன் மேல் பெட்டிக் கோணியைச் சுற்றினார்.

"வலிக்குது பாய்..."

"கொஞ்சம் பொறுப்பா. எலும்பு ஒடையல. அழுத்திப் புடிச்சிக்கோ, அவுக்காத."

டிராக்டர் கீழே ஏறிவரும் சத்தம் கேட்டதும் அவர் கிளம்பினார். மிதிக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசி வளைவை எப்போதும் போலத் தள்ளிக்கொண்டே ஏறினார். கோணி இல்லாத பெட்டியின் மேல் வெயில் நேராக அடித்தது.

மேட்டுக்கண்டிகையில் ரேஸ் முடிந்து பாதிப் பேர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது சந்திரகலா. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரை யாரோ விசிலடித்து வரவேற்றார்கள். அவர் நேராக அவள் முன்னால் போய் நின்றார். ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"இன்னா பாய், பொட்டியில?"

அவர் மூடியைத் திறந்தார். அடியில் தண்ணீர். அதில் சில்லு சில்லாக நாலைந்து துண்டு மிதந்தது.

"அன்னிக்கும் தண்ணி, இன்னிக்கும் தண்ணி," என்றாள் சந்திரகலா.

"ஆமாம்மா," என்றார் மொய்னுதீன். "அன்னிக்கு எறா தலை கறுத்திருந்திச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உனக்கு நிறுத்துப் போட்டேன். வெயிலு மேலயும் தப்பில்ல, மேட்டு மேலயும் தப்பில்ல. எம்மேலதான் தப்பு."

சந்திரகலா கையில் சொம்பு அப்படியே இருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

"என் சின்னப் பொண்ணுக்கு நாலு பாட்டில் சலைன் ஏத்தினாங்க, தெரியுமா?"

"தெரியும்மா. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். உள்ள வர்றதுக்கு மூஞ்சி இல்ல."

மொய்னுதீன் பெட்டியை மூடினார். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அவள் இனி என்ன திட்டினாலும் நியாயம்தான் என்று தோன்றியது. சைக்கிளைத் திருப்பும்போது டிராக்டர் வந்து நின்றது. இரண்டு பேர் அன்புசெல்வனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

"அந்த மீன்கார பாய் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான் அவன். "ரேஸை உட்டுட்டு எனக்காக நின்னாரு. பொட்டியில இருந்த ஐஸ் அத்தினியும் என் காலுக்குத்தான்."

சந்திரகலா சொம்பை வைத்துவிட்டு அவனிடம் போனாள். கோணியை விலக்கி, துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே முட்டை முட்டையாக ஐஸ் இன்னும் இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மொய்னுதீனைப் பார்த்தாள். திரும்பி வந்து ஒரு டம்ளர் மோரை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

"சனிக்கிழமை வா. பொட்டிய நாந்தான் தொறப்பேன்."

அந்தச் சனிக்கிழமை அக்னி நட்சத்திரம் பிறந்து இரண்டாம் நாள். மொய்னுதீன் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். பெட்டியில் இரண்டு கட்டி ஐஸ் கூடுதலாக இருந்தது. அதை உடைத்துப் போட்டது சைதா. போடும்போது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இரண்டு வளைவு மிதித்தார், இரண்டு வளைவு தள்ளினார். தெருமுனையில் நின்று ஆரன் மேல் கையை வைத்தார். அழுத்தினார்.

சந்திரகலா பாத்திரத்தோடு வந்தாள். பின்னால் அந்தச் சின்னப் பெண்ணும் வந்து வாசற்படியில் நின்றது. சந்திரகலா மூடியைத் திறந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, முழங்கை வரை பெட்டிக்குள் விட்டுத் துழாவினாள். தெருவில் மற்ற வீட்டுக் கதவுகள் பாதி திறந்து காத்திருந்தன.

"ஜில்லுனு கீது," என்றாள். "எறாவே போடு. ஒரு கிலோ."