மை தடவாத சதுரம்

நான் வேலை பார்க்கும் ஒரகடம் தொழிற்சாலையில் நேற்று பெயிண்ட் அறையைத் தாண்டும்போது அடித்த டர்பன்டைன் வாசனை, பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது லாரிகள் நிற்கும் இடமாகிவிட்ட அந்தக் கொட்டகைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. ஓவியக் கல்லூரியில் படித்த அம்மா அங்கேதான் தகட்டைச் சதுரமாகவும் வட்டமாகவும் வெட்டி, மை தடவி, மிகுந்த மையைப் பழைய புடவைத் துணியால் துடைத்து, மேலே ஈரக் காகிதத்தை வைத்து அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவாள். சக்கரம் கிறீச்சிடுவது தெருவரை கேட்கும்; பிறகு தகட்டை டர்பன்டைனால் கழுவுவாள்.

"இன்னாக்கா, வெறும் கட்டமா கீது? ஒரு சாமி படம் போடக்கூடாதா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. அம்மா சிரித்துக்கொள்வாள்.

1991இல், எனக்குப் பத்து வயதில், சுங்குவார்சத்திரம் அருகே லாரி மோதி அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் காலை சக்கரச் சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா சதுரத் தகட்டை மையே தடவாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். கொடியில் ஏழெட்டு வெள்ளைக் காகிதங்கள் தொங்கின.

"இன்னாம்மா, ஒண்ணுமே இல்லியே?"

"இருக்குது. தொட்டுப் பாரு."

தொட்டேன். சதுரத்தின் நான்கு ஓரங்களும் விரலில் தட்டுப்பட்டன. எனக்கு அழுகை வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. அடுத்த காகிதத்தை நனைக்கத் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து வைத்தேன்.