மெல்லக்காவின் இரண்டு கிறிஸ்துமஸ்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்கிறவரை ஒருநாள் எங்கள் சலவைக்கூடத்துக்கு அனுப்பி வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த முனையில் ஒருத்தி, இந்த முனையில் ஒருத்தி. ஓர் உதறு உதறி, நீளவாக்கில் இரண்டு மடிப்பு. அப்புறம் இருவரும் எதிரெதிரே நடந்து வந்து நடுவில் முனைகளைச் சேர்க்க வேண்டும். எந்திரங்கள் போடுகிற இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் காதில் ஒன்றும் விழாது. அதனால் எங்கள் பேச்செல்லாம் அந்த நடுவில்தான், ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம். மாமியாரோடு போட்ட சண்டையைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வண்டித் துணி வேண்டும்.

அந்த முனையில் நிற்பவள் மெல்லக்கா. மெல்ல நடப்பாள், மெல்லப் பேசுவாள், சாப்பாட்டு டப்பாவைக்கூட அது தூங்கிக்கொண்டிருப்பது போலத் திறப்பாள். பேர் வைத்தவர் மெஷின் பாய்; துவைக்கும் எந்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்ததும் அவர்தான். ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்கப் போய் நான் கத்திய கத்தில் அந்தப் பேரே நிலைத்துவிட்டது. மதியத்துக்கு மேல் உயரத்து ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து நீராவிக்குள் இறங்கும். அப்போது வெள்ளை விரிப்பைப் பிடித்தபடி அக்கா என்னை நோக்கி வருவதைப் பார்த்தால், யாருடைய தூக்கத்துக்குள்ளிருந்தோ வருகிற மாதிரி இருக்கும். வீட்டிலிருந்து எவ்வளவு எரிச்சலோடு வந்திருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு ஆறிவிடும்.

புருஷன் போன பிறகு கைப்பிள்ளையோடு இந்த ஊருக்கு வந்தவள் அவள். துணி மடித்தே மகனைப் படிக்க வைத்தாள். இப்போது அவன் கப்பலில், எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். அக்காவுக்கு உலகம் என்றால் அவன்தான். வேறு யாரைப் பற்றியும் அவள் தானாகப் பேச்செடுத்து நான் கேட்டதில்லை.

எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் மேடம். தனி ஆள். சொந்தம் பந்தம் எல்லாம் அவருக்குச் சர்ச்தான். ஆஸ்பத்திரிக்குப் பண்டிகை ஏது? கிறிஸ்துமஸ் அன்றைக்கும் படுக்கைக்கு விரிப்பு வேண்டும். அதனால் அன்று சலவைக்கூடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் லீவு. அது மேடத்துக்கு உரியது. ஆனால் மெல்லக்கா வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவள் கழுத்திலிருந்த மரச் சிலுவையைப் பார்த்ததும் மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. நீயும் நம்ம ஆளா, பச்சைப் பிள்ளையை வைத்திருக்கிறாய், நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் லீவைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆகவே வருஷா வருஷம் இருபத்தைந்தாம் தேதி என்னோடு மடிக்கிறவர் மேடம்தான். நான் கும்பிடுவது வேறு சாமி. பிள்ளைகள் அடம்பிடித்து வாசலில் காகித நட்சத்திரம் கட்டச் செய்வதோடு என் கிறிஸ்துமஸ் முடிந்துவிடும். மேடத்துக்கு அப்படியா? வாய்க்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் வந்து முனையைச் சேர்க்கும்போது, “இப்ப மணி அடிப்பாங்க” என்பார். அடுத்த விரிப்புக்கு, “இப்ப சின்னப் பிள்ளைங்க வரிசையா மெழுகுவத்தியோட வருவாங்க” என்பார். சோப்பு வாசனைக்கு நடுவில் எனக்கே மெழுகு வாசனை அடிக்கும். விரிப்பை உதறினால் வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் நடந்து போகிற மாதிரி இருக்கும். பாய் எந்திரத்தின் மூடியைத் தட்டி, எங்கள் வேதத்திலும் மரியம் அம்மா இருக்கிறாங்க, அவங்க பிள்ளை பிறந்த நாளுக்கு நானும் ஒரு மணி அடிக்கிறேன் என்று டங் டங்கென்று அடிப்பார்.

இந்த டிசம்பரில் ஒருநாள் மெல்லக்கா விரிப்பின் முனையைக் கீழே போட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. நடுவில் வந்ததும் என்ன விஷயம் என்றேன். மகன் வருகிறான் என்றாள். அடுத்த விரிப்பில், ஜனவரி ஏழாம் தேதி காலையில் கப்பல் துறைமுகத்துக்கு வரும், எட்டாம் தேதி காலையில் கிளம்பிவிடும் என்றாள். அதற்கு ஏன் மூஞ்சியை இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மூன்றாவது விரிப்பில்தான் அது வந்தது.

“எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஏழாம் தேதிதான். எங்க சபைக்குப் பழைய காலண்டர், பதிமூணு நாள் பின்னாடி.”

நான் விரிப்போடு அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக உறைத்தது. அவர்கள் சபையில் அந்த நாள் வரைக்கும் விரதம். பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொட மாட்டார்கள். அதனால்தான் மேடம் தன் கையால் கொடுக்கிற கேக்கை வருஷா வருஷம் வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்று கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். ஜனவரி ஏழாம் தேதி விடியற்காலையில் பாதிப் பூசையில் எழுந்து ஓடிவருவாள். தூங்குமூஞ்சி என்று நான் கேலி செய்தது அந்த நாளில்தான். அவள் சிரித்துவிட்டு மடிப்பாள்.

பாயிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவருக்கு இது முன்பே தெரியுமாம். நோன்பு பிடிக்கிறவனுக்கு நோன்பு பிடிக்கிறவங்க முகம் தெரியாதா என்றார். அந்தக் கேக் எல்லாம் எங்கே போனது என்றேன். மனுஷன் மேலே கூரையைப் பார்த்தார். வருஷா வருஷம் அவர் வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. அட கடவுளே, எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை!

ஏழாம் தேதி லீவு கேட்க வேண்டியதுதானே, மகனைப் பார்த்து எத்தனை காலமாகிறது என்று அக்காவைப் பிடித்து உலுக்கினேன். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் மேடம் இத்தனை வருஷம் தன் பண்டிகையை விட்டுக்கொடுத்தது வீண் என்று ஆகிவிடும் என்றாள். அந்த மனசை எப்படி உடைப்பேன் என்றாள். நானே போய்ச் சொல்கிறேன் என்று திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழுத்தமாக அவள் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

இருபத்தி நான்காம் தேதி மேடம் கேக் கொண்டுவந்தார். வழக்கம்போல முதல் துண்டு மெல்லக்காவுக்கு. நாளைக்கு நிம்மதியாகப் போய்விட்டு வா என்றார். அக்கா கேக்கை வாங்கவில்லை. ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், நாளைக்கு லீவு எனக்கு வேணாம். எங்க கிறிஸ்துமஸ் ஏழாம் தேதி. அன்னைக்கு என் பையன் வர்றான். முதல் வருஷமே சொல்லியிருக்கணும். உங்க நாளையே எடுத்துக் குடுத்தீங்க, வேணாம்னு சொல்ல வாய் வரல.”

பாய் போய் ஓர் எந்திரத்தை நிறுத்தினார். ஏனென்று கேட்டால் அவருக்கே தெரியாது. மேடம் துணி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இத்தனை வருஷமா நான் குடுத்த நாள்ல நீ என்னதான் பண்ணினே?” என்று கேட்டார் மேடம்.

“உங்க சர்ச்சுக்குப் போனேன்” என்றாள் அக்கா. “உங்களால வர முடியலையே. உங்களுக்குப் பதிலா அங்க யாராச்சும் இருக்கணும்ல? ஓரமா உக்காந்து, உங்க பேரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வருவேன். ஒரு வருஷம்கூட விட்டதில்ல.”

மேடம் எழுந்து வந்து அவள் கன்னத்தில் கையை வைத்தார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். ஏழாம் தேதி நீ வீட்டில் இருக்கிறாய், இங்கே கால் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்றார். என்னால் அடக்க முடியவில்லை. விரிப்பிலேயே மூக்கைத் துடைத்துவிட்டேன். அது மறுபடி துவைக்கப் போனது தனிக்கதை.

மறுநாள் மேடம் சர்ச்சுக்குப் போக, மெல்லக்கா என்னோடு மடித்தாள். ஜன்னல் வெயில் நீராவிக்குள் இறங்கிய நேரத்தில் அவள் மெல்ல நடந்து வந்து முனையைச் சேர்த்து, “இப்ப மணி அடிப்பாங்க” என்றாள். அடுத்த விரிப்பில், பிள்ளைகள் மெழுகுவத்தியோடு வருவார்கள் என்றாள். மேடம் வருஷா வருஷம் சொன்னது எழுத்துப் பிசகாமல் அவள் வாயில் வந்தது. ஒருத்தி இங்கே நின்று கற்பனையில் பார்த்ததை இன்னொருத்தி அங்கே உட்கார்ந்து கண்ணால் பார்த்திருக்கிறாள். பாய் எந்திரத்து மூடியைத் தட்டினார்.

மேடம் திரும்பி வந்து ஒரு விஷயம் சொன்னார். சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மா, மெல்ல நடக்கிற ஒரு பொண்ணு வருமே, இந்த வருஷம் காணோமே, யாரோ ஒருத்தருக்காகவே வந்து ஏற்றிவிட்டுப் போகுமே என்று விசாரித்தாராம். அந்த யாரோ நான்தான் என்று சொல்லிவிட்டு மேடம் மெல்லக்கா பேரில் ஒன்று ஏற்றினாராம்.

ஏழாம் தேதி மேடமும் நானும் மடித்தோம். வெயில் சாய்கிற நேரத்துக்கு வாசலில் நிழல் தட்டியது. மெல்லக்கா, புதுச் சேலையில். பக்கத்தில் ஆறடிக்கு ஒரு பையன், அம்மாவின் நடைக்கு ஏற்ப அவனும் மெல்ல மெல்ல நடந்து வந்தான். இங்கே கால் வைக்காதே என்று சொல்லியிருந்தேனே என்று மேடம் அதட்டினார். அக்கா கையை நீட்டினாள்.

“விரதம் முடிஞ்சிருச்சு மேடம். கேக் குடுங்க.”

மேடம் அலமாரியைத் திறந்தார். அன்றைக்கு அவள் வாங்காத துண்டு காகிதத்தில் சுற்றி, டப்பாவில் போட்டு, பத்திரமாக இருந்தது. அக்கா அதைப் பிட்டு முதல் வாய் மகனுக்கு ஊட்டினாள். அப்புறம் தான் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். எந்திரங்கள் இரைந்தன. நாங்கள் எல்லோரும் அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம், அவள் அதையும் மெல்லத்தான் செய்தாள்.

“இவ்வளவு நல்லா இருக்குமா இது?” என்றாள் கண்ணைத் திறந்து. “இத்தனை வருஷமா பாய் ஒரு வார்த்தை சொல்லலையே.”