ஒன்பதாம் மாடி ஆலங்கன்று

தொட்டிலக்கா என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். பதினான்கு மாடி, வெளிச்சுவர் முழுக்கத் துணிப்பைகளில் செடிகள். கம்பிக் கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் ஏறி, மாடி மாடியாக இறங்கி, காய்ந்ததைக் கிள்ளி, அடைத்துக்கொண்ட சொட்டுக்குழாயை ஊதிவிடுவது அவள் வேலை. வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்று ஒரு பித்தளைத் தகடு. அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு காலையும் அவளுக்கு வயிறு எரியும்.

கட்டடம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு நாறிய வாய்க்கால்தான் இருந்தது. அவள் தெருக்காரர்கள் ஒன்றுசேர்ந்து குப்பையை வாரி, கரையில் பதினொரு புங்கங்கன்று நட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி ஏழு வருடம் வளர்த்தார்கள். அப்புறம் கட்டடம் கட்ட முதலாளி வந்தார்.

"ஒரு இலையத் தொட மாட்டேம்மா. உங்களுக்கு எப்படியோ, எனக்கும் அதுங்க பிள்ளைங்கதான்."

அவள் நம்பினாள். ஆட்சேபம் இல்லை என்ற தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியதும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பதினொன்றையும் சாய்த்துவிட்டார்கள். கேட்டால், தாளின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். நிழல் இருந்த இடத்தில் கார் நிறுத்தக் கல் பாவி, சுற்றுச்சுவர் எழுப்பினார்கள்.

அடுத்த வீட்டில் இருந்த அண்ணி, அவள் சொந்த அண்ணனின் மனைவி, அன்றோடு பேச்சை நிறுத்தினாள். "வெட்டினது அவன். அரிவாள எடுத்துக் கைல குடுத்தது இவ" என்று தெருவே கேட்கச் சொன்னதுதான் கடைசி.

அதே முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது தெரு காறித் துப்பியது. ஏன் சேர்ந்தோம் என்று அவளுக்கே தெளிவில்லை. கிட்டே இருந்தால் ஏதாவது அகப்படும் என்பது மட்டும் தெரிந்தது.

அகப்பட்டது. ஒன்பதாம் மாடியில், முதலாளியின் அறைக்கு வெளியே, இரண்டு சுவர்ப்பலகை சேரும் இடுக்கில், பறவை எச்சத்தில் முளைத்த ஆலங்கன்று. நாலே இலை. இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். பிடுங்கத்தான் கையை நீட்டினாள். நீட்டிய கையால் தண்ணீர் விட்டாள்.

ஆனால் ஏற்கெனவே ஒரு தாளால் சூடு பட்டவள். பராமரிப்பு நோட்டில், 'ஒன்பதாம் மாடி இடுக்கில் ஆலங்கன்று. பிடுங்கலாமா?' என்று எழுதி மேலே அனுப்பினாள். முதலாளிக்கோ அந்தக் கன்றைப் பார்த்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. ஜன்னலோரம் விருந்தாளிகளை நிறுத்தி, "பாத்தீங்களா, நாங்க நடல. இயற்கையே நம்மளத் தேடி வந்திருக்கு!" என்று காட்டிக்கொண்டிருந்தார். நோட்டு திரும்பி வந்தது: 'இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது.' கீழே கையெழுத்து.

அவள் நாலு தடவை வாசித்தாள். இதில் மூன்றாம் பக்கம் எதுவும் இல்லை.

அதன் பிறகு வாரா வாரம் அதற்கு மட்டும் ஒரு குவளை அதிகம். "குடிடி தங்கம். உள்ள போ. இன்னும் உள்ள போ."

மூன்றாவது மழைக்காலத்தில் முதலாளியின் அறைச்சுவர் உப்பியது. விருதுக் கேடயங்களுக்குப் பின்னால் தண்ணீர் வழிந்தது. பசுமைத் தகடு கொடுத்த இடத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, அவளோடு தொட்டிலில் இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொத்தல்.

"ஏம்மா, ஆலங்கன்னு சுவரப் பொளந்துரும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே! உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"தெரியும் சார்" என்று நோட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முதலாளி கத்தினார். "வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"கேட்டேனே ஐயா. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. யோசிக்காமக் கையெழுத்துப் போட்டா அப்படித்தான். எனக்கும் ஒருதடவ ஆச்சு."

ஒன்பதிலிருந்து ஆறாம் மாடி வரை சுவர்ப்பலகை முழுவதையும் பெயர்க்க வேண்டும், அதுவரை தகடும் வாசலில் இருக்கக் கூடாது என்று இன்ஜினியர் எழுதினார். அன்றைக்கே அவள் வேலை போயிற்று.

பழி தீர்ந்ததா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். பதினொரு மரமும் திரும்பி வரவில்லை. ஆனாலும் முதலாளியின் முகம் வெளுத்ததை நினைக்க நினைக்க இனித்தது. வெட்கப்பட வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தாள். வெட்கம் வரவில்லை.

வேலையாட்கள் பெயர்த்துப் போட்ட கன்றை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள். சுற்றுச்சுவருக்கு வெளியே, தெருவுக்கு மிஞ்சியிருந்த துண்டு வாய்க்கால் கரையில் குழி தோண்டினாள். அண்ணி வாசலுக்கு வந்தாள். எதிரே, தகடு கழற்றிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதைக் கண் நிறையப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு அப்புறம் வாய் திறந்தாள்.

"இதுக்கு எத்தன பேர்கிட்டடி கையெழுத்து வாங்கின?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல, அண்ணி."

அண்ணி குழியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க எதுக்குடி தோண்டுற, கூறுகெட்டவளே? ரெண்டடி தள்ளு. அவன் சுவத்துப் பக்கமா."