என்ஜினுக்குக் கம்பிப் பாகு

எங்கள் காலேஜ் நீராவி என்ஜின், வேலை முடிந்த ஆவியை வானத்தில் ஊதித் தள்ளுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே போன சூட்டில் பெரும்பகுதி அப்படியே வீண்! அந்தக் கழிவு ஆவியை ஈதர் நிரப்பிய குழாய்களைச் சுற்றி ஓடவிட்டேன். ஈதர் ஏறக்குறைய உடம்புச் சூட்டிலேயே கொதித்துவிடும். அதன் ஆவி இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். பிறகு கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியில் மறுபடி திரவமாகும். ஒரே தீயில் இரண்டு சக்கரங்கள்.

"சனியாழ்ச்ச வந்து பாக்கறேன்," என்றார் புரொபசர், மலையாளம் கலந்த தமிழில். "ரெண்டாவது சக்கரம் சுத்தினா உன் டெமான்ஸ்ட்ரேட்டர் ஜோலி ஸ்திரம். இல்லேன்னா திரும்பப் பழைய பள்ளிக்கூட வாத்தியார் ஜோலி தன்னே."

வெள்ளிக்கிழமை காலைவரை அது அசையவில்லை. பிஸ்டன் தண்டைச் சுற்றி எண்ணெய்த் திரி இறுக்கியிருந்தும் ஈதர் புஸ்ஸென்று கசிந்தது. நல்லவேளை, ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பைச் சுவருக்கு அப்பால் வைத்திருந்தோம். திரியைச் சரியாகச் சுற்றவில்லையென்று அட்டெண்டர் மேல் எரிந்து விழுந்தேன்.

"சாரே, ஞான் ஏழு தடவ சுத்தியாச்சு. உங்க கையைப் பாருங்கோ," என்றார் அவர்.

பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த கை, ஈதர் பட்ட இடமெல்லாம் வறண்டு வெளுத்திருந்தது. திரியிலிருந்த தேங்காயெண்ணெயை ஈதர் கரைத்துவிட்டது! பூட்டு, கீல், தலைமுடி, தையல் மிஷின், இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான். என் கையும் யோசிக்காமல் அதையே எடுத்திருக்கிறது. ரசாயனம் படித்தவன் செய்கிற காரியமா? தலையிலடித்துக்கொண்டு சிரித்தேன். அட்டெண்டரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

ஈதரில் கரையாத பிசுபிசுப்புக்கு எங்கே போவது? பழவங்காடி மருந்துக்கடையில் கிளிசரின் தீர்ந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது, சர்க்கரையும் ஈதரில் கரையாது. ஆரியசாலைக் கடைத்தெருவில் வெல்லம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"பாகு காய்ச்சிக் குடு, சீக்கிரம்!"

"ஏன்னா, யாருக்கு?" என்றாள் மனைவி.

"என்ஜினுக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கம்பிப் பதமா, உருட்டுப் பதமா?"

மறுநாள், சனிக்கிழமை, புரொபசர் வந்து நின்றார். முதல் சக்கரம் ஓடியது. பாகில் ஊறிய திரி ஒரு சொட்டும் விடவில்லை. இரண்டாவது சக்கரம் கால் சுற்று நகர்ந்தது, நின்றது. பிறகு மெதுவாகக் கிளம்பி, ஆரக்கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. அட்டெண்டர் கூவியே விட்டார்.

"கொள்ளாமே! திரியில என்ன போட்டே?" என்று மெச்சினார் புரொபசர்.

"வெல்லப்பாகு, சார். வீட்டில் காய்ச்சினது."

புரொபசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். அங்கேயே உட்கார்ந்து என் வேலைக்கான காகிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் பறந்துபோய்ச் சொன்னேன். எப்போது பெட்டி கட்ட நேருமோ என்று குடிவந்ததிலிருந்து சுவரைத் தொடாத மனைவி, பக்கத்து வீட்டில் சுத்தியல் இரவல் வாங்கிவந்து முதல் ஆணியை அடித்தாள்.