லாவண்யாவின் அமெரிக்கக் கிட்டார்

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற ஐரின், கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் ஒரு சின்ன பேண்டில் கிட்டார் வாசிப்பவள். அந்தப் பக்கம் யார் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினாலும் முதலில் அவளிடம்தான் எடுத்துவருவார்கள். திருப்பிப் போட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி, அசலா போலியா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் தோளில் தொங்கியது என்னவோ உள்ளூர்க் கம்பெனியின் சிவப்புக் கிட்டார்தான். அமெரிக்காவில் செய்த பழைய கிட்டார் ஒன்று தனக்கு வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. மகள் மோனிகாவின் படிப்பு, மாமியாரின் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது.

லாவண்யா பேண்டுக்குப் புதுசு. ஈரோட்டுப் பெண், ஐ.டி. வேலை. வந்த புதிதில் "இதை எப்படிக்கா வாசிக்கறீங்க?" என்று பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சீக்கிரமே பாதிப் பாட்டுகளுக்கு முன்னால் நின்று தனி வரிசைகளை, அதாவது லீட், வாசிக்கத் தொடங்கினாள். "அந்தப் பொண்ணே வாசிக்கட்டும் ஐரின், கூட்டம் அவளைத்தான் பாக்குது" என்று டிரம்ஸ் வாசிக்கிற சவரிமுத்து ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னார். பேண்டை நடத்துகிறவர் அவர். ஐரினுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை லாவண்யா பழைய கிட்டார் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வீலர் ரோட்ல ஒரு வீடுக்கா. ஆஸ்திரேலியா போறதால விக்கறாங்க. வீட்டுக்காரரோட அப்பா வாசிச்ச அமெரிக்கக் கிட்டாராம். அசல் இல்லேன்னா திருப்பித் தரலாம்னு சொல்லியிருக்கார். நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

வீலர் ரோடு! ஐரின் தினமும் வேலைக்கு நடந்துபோகிற வழி. அந்த வாசல்களைத் தாண்டித்தானே இத்தனை வருஷம் போனாள்? தனக்கு எட்டாதது நேற்று வந்தவளுக்கு எப்படி எட்டியது?

பெட்டியைத் திறந்தாள். வெண்ணெய் நிறம். கை படும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. 'போலியாக இருக்கட்டும், ஆண்டவரே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

தந்தி முறுக்கும் சாவிகள் புதுசு. பழைய சாவிகளின் துளைகள் பக்கத்திலேயே தெரிந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஒரு குதூகலம். பின்பக்கத் தகட்டில் நம்பர் சரியாக இருந்தது. ஆனால் தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். அந்த நேரம் பார்த்து லாவண்யாவுக்கு ஆபீஸிலிருந்து போன் வர, பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனாள்.

ஐரின் கிட்டாரின் கழுத்தைப் பிரித்தெடுத்தாள். உடலுக்குள் செருகியிருந்த அடிமரத்தில் மங்கலான மை முத்திரை, அறுபத்தொன்பதாம் வருஷம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப்புகளுக்கு அடியில் பார்த்தாள். அங்கே பொறித்திருந்த எண்களும் அதே காலத்தைத்தான் சொல்லின. ஒயர்களை ஒட்டியிருந்த ஈயப் பற்றை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. கழுத்து, உடல், ஒயர் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை. அசல். சந்தேகமே இல்லை.

போன் பேச்சு நீண்டுகொண்டே போனது. லாவண்யா திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டாள்.

"என்னக்கா?"

"கழுத்து வேற. பின்னாடி எப்பவோ மாத்தியிருக்காங்க. திருப்பிக் கொடுத்திடு."

வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். லாவண்யாவின் முகம் வாடியது. "நல்லவேளை, உங்ககிட்ட கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

லாவண்யா திருப்பிக் கொடுத்ததும் தானே போய் அதை விலைக்குக் கேட்டால் என்ன என்று அன்று மத்தியானம் ஐரினுக்குத் தோன்றியது. வீலர் ரோட்டு வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கணவர் பால்ராஜ் சும்மா கேட்பதுபோல், "அந்தப் பொண்ணு கொண்டுவந்தது நல்லதா?" என்றார். "போலி" என்றாள். "அப்ப ஏன் இன்னும் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையிலேயே வச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலிருந்தே ஐரின் போன் செய்தாள்.

"லாவண்யா, திருப்பிக் கொடுத்திட்டியா?"

"சாயங்காலம் போறேன்க்கா."

"போகாதே. கழுத்து அசல்தான். எல்லாமே அசல்."

"நேத்து வேறன்னு சொன்னீங்களே?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். வயித்தெரிச்சல்."

"சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு லாவண்யா போனை வைத்தாள்.

அடுத்த ரிசப்ஷனுக்கு லாவண்யா அந்தக் கிட்டாரோடு வந்தாள். இடையில் ஒரு பெரிய கடையில் காட்டி, அசல் என்று சொன்ன பிறகுதான் காசு கொடுத்தாளாம். சவரிமுத்துதான் சொன்னார். பொய் சொன்னதற்கு லாவண்யா திட்டியிருந்தால்கூட ஐரினுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மேடையில் அந்தக் கிட்டார் பாடியது. வேறு சொல் இல்லை. ஐரின் பக்கத்தில் நின்று அதற்குத் தாளம் கொடுத்து வாசித்தாள், ஒரு இடத்திலும் தப்பவில்லை. இடைவேளையில் லாவண்யா அவள் முகத்தைப் பார்க்காமலே கிட்டாரை நீட்டினாள்.

"வாசிச்சுப் பாக்கறீங்களா?"

அக்கா என்று சொல்லவில்லை. ஐரினின் விரல்கள் துறுதுறுத்தன. வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனசு வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"இன்னைக்கு வேணாம்" என்றாள். தண்ணீர் குடிக்க நகர்ந்தவளுக்கு வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.