குங்குமப் பொட்டுக்கு அடியில் நகர்ந்த பொத்தான்

போடியில் ஒரு ஏலக்காய் மண்டிக்கு நான் எழுதிக் கொடுத்த எடை பதியும் மென்பொருள் ஆறு வருடம் குறையில்லாமல் ஓடியது. அதற்காக நிம்மதியாக இருக்க எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, டைப்பிங் வேலைக்குப் போன இடத்தில் பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதப் பழகியவன். படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கும், ஒருநாள் அது மாட்டிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் எப்போதும் உண்டு.

மாட்டிய அன்று காலை பதினொரு மணி இருக்கும். மண்டியில் எடை பதியும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, நாப்பது மூட்டை போட்டேன். லிஸ்ட்டு எடுத்தா வெறுந்தாளு வருது. வெரசா வாங்க."

ராசிங்காபுரத்திலிருந்து பைக்கில் போகும்போதே என்னென்ன கெட்டிருக்கலாம் என்று ஒன்பது காரணம் யோசித்துவிட்டேன். உண்மையான காரணம் அதில் இல்லை.

மண்டியில் கிடந்தது குரங்கணிப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் காய். பன்னிரண்டரைக்கு சாம்பிள் பைகளையும் பட்டியலையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஏலத்துக்குக் கிளம்ப வேண்டும். பட்டியலில் இல்லாத மூட்டையை அங்கே சேர்க்க மாட்டார்கள். அடுத்த ஏலம் வரை கிடக்க வேண்டியதுதான். மூட்டைகளோ தைத்து அடுக்கியாகிவிட்டது. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி எடை போட நேரமில்லை.

"என்ன அப்பு, நாப்பது மூட்டையும் எங்க போச்சு?" என்றார் முதலாளி.

"தின்னுட்டு ஏப்பங்கூட விடலண்ணே உங்க மிசினு" என்றார் மூட்டை தூக்கும் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பயும் செய்யிற மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டுங்கக்கா" என்றேன்.

ஒரு மூட்டையைத் தராசில் வைத்தார்கள். எடை திரையில் வந்தது. அக்கா தோட்டக்காரர் பெயரை அடித்தார். மவுசை நேராகத் திரையிலிருந்த குங்குமப் பொட்டுக்குக் கொண்டுபோய் அழுத்தினார். கட்டங்கள் காலியாகி அடுத்த மூட்டைக்குத் தயாராக நின்றன. சேமித்தாலும் அப்படித்தான் காலியாகும்.

அது ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. தானாக உதிரும்வரை துடைக்கக் கூடாது என்பது முதலாளி வைத்த சட்டம். அது 'சேமி' பொத்தானுக்கு நேராக அமைந்துவிட்டதால் அக்காவுக்கு வசதி. எழுத்தைப் பார்க்காமலே பொட்டைப் பார்த்து அழுத்திப் பழகிவிட்டார்.

இப்போது பொட்டுக்கு அடியில் 'நீக்கு' இருந்தது. 'சேமி' நாலு விரல் தள்ளி வலப்பக்கம் நின்றது.

"இதுல யாராச்சும் கை வச்சாங்களாண்ணே?"

"எம் மகதேன். கண்ணு ஆப்ரேசனுக்குப் பொறவு எழுத்து பொடிசாத் தெரியுதுன்னேன். நேத்து வந்து தடிச்சாப்புல வச்சுட்டுப் போச்சு. ஏன்?"

அவர் மகள் செய்ததில் தப்பே இல்லை. எழுத்து பெரிதாகத் தெரிய, ரெசல்யூஷன் என்கிற திரையின் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருக்கிறார். அதே கண்ணாடிக்குள் எல்லாம் அகலமாகித் தெரிந்தது. நான்தான் ஒவ்வொரு பொத்தானையும் இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி என்று ஆணி அடித்து வைத்திருந்தேன். என் வீட்டுத் திரையில் அழகாக இருந்தது, ஊரில் எல்லாத் திரையும் அப்படியே இருக்கும் என்று இருந்துவிட்டேன். பொட்டு கண்ணாடியில் நின்றது, பொத்தான்கள் உள்ளே நகர்ந்துவிட்டன.

"அப்ப நாப்பதையும் நாந்தேன் அழிச்சனா?" அக்கா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீங்க இல்லக்கா. நான் வச்ச எடம் தப்பு."

சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பெயர் அடித்தவுடனேயே வரியைப் பதிந்துவிடும்படி எழுதியிருந்தேன். 'நீக்கு' அழுத்தினாலும் வரி அழியாது. வேண்டாம் என்று ஒரு குறி மட்டும் விழும். குறிகளை எடுத்துவிட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே!"

"இப்ப உங்களுக்குக் காட்ட வச்சமே, அது யாரு மூட்டையாம்?" என்றார் மூட்டை தூக்கும் அண்ணன். "அடுக்குலருந்து எறக்குனதுதான தம்பி."

அந்த ஒன்றை நீக்கினேன். பட்டியல் அச்சாகி வரும்போது வாசலில் ஜீப்பு மூன்றாவது முறை ஹாரன் அடித்தது.

பழையபடி புள்ளிகளைக் கூட்டி வைத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. ஆனால் முதலாளி திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் தோட்டக்காரர்களின் பெயர்களைத் தானே படித்துக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். திரையின் அகலத்தைக் கேட்டுப் பொத்தான்களை அடுக்கச் செய்தேன். நடுவில் அகலம் மாறினால் மறுபடி அடுக்கும். நீக்குவதற்கு முன் ஒருதரம் கேட்கும்.

"'சேமி' பொட்டுக்குக் கீழயே இருக்குமா?" என்றார் அக்கா.

"இருக்கும். ஆனா எழுத்தையும் ஒருக்கப் பாருங்கக்கா."

சாயங்காலம் ஏலம் நடந்த இடத்திலிருந்து ஜீப்பு ஓட்டுகிறவர் போன் செய்தார். நாற்பதையும் எடுத்துக்கொண்டார்களாம்.

"நாப்பதா, முப்பத்தொம்பதாண்ணே? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.