தும்பி ஓடிய இடது பக்கம்

காலேஜ் பெண்கள் கால்பந்து அணிக்குப் புதுத் தலைமைக் கோச்சாக வந்தவளை எல்லோரும் கோலி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. இளவயது முழுவதும் கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே நின்றதால் ஒட்டிக்கொண்டது. பந்தைத் தடுக்கப் போய் வளைந்த மோதிர விரல் பிறகு நிமிரவே இல்லை. "அந்த விரல்ல மோதிரம் ஏறாதுன்னு தெரிஞ்சுதான் ஒரு மாப்பிள்ளையும் இந்தப் பக்கம் வரல, அக்கா" என்று தங்கை கிண்டல் செய்வாள். அந்தத் தங்கையின் வீட்டுப் பின்னறையில் குடியிருந்துகொண்டு, விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ விற்றுக் காலம் தள்ளியவளுக்குத் தலை நரைத்த பிறகுதான் இந்த வேலை வாய்த்தது. அதுவும் ஒரு வருடத்துக்கு. கோப்பை வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று நிர்வாகம் பெரிய மனது பண்ணியிருந்தது.

முதல் நாள் காலை மைதானத்தில் பெண்கள் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பந்து அங்கே வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவள் அதைக் காலால் அமுக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகுதான் அந்தப் பக்கத்தவளுக்கு அனுப்பினாள்.

"யாரு இன்னும் வரல?" என்று கேட்டாள் கோலி. பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"முதல் நாளே லேட்டா? நாளைக்கு வந்ததும் மைதானத்தைப் பத்து ரவுண்டு சுத்தணும்னு அவகிட்ட சொல்லிடுங்க."

மறுநாள் கோலி போனபோது மொத்த அணியும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஓடி முடித்த கேப்டன் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அவளால வர முடியாது மேடம். அதான் அவளுக்காக நாங்க ஓடிட்டோம்."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடது ஓரத்தில் ஆடிய பெண். தும்பி என்று செல்லப் பெயர். போன சீசன் முடிந்த விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பழைய கோச் அந்தத் துக்கத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டார். நிர்வாகம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்ததே தவிர இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கோலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செத்துப்போன பெண்ணுக்குத் தண்டனை கொடுத்த கோச் வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

சீசன் தொடங்கியதும் அடி மேல் அடி. நடுவில் ஆடும் கேப்டன் தலை நிமிராமலே பந்தை இடது பக்கம் தள்ளுவாள். அங்கே புல்தான் இருக்கும். தும்பிக்குப் பதிலாக வந்தவள் எலி. குள்ளம், நல்ல சுறுசுறுப்பு. அவள் தன் போக்கில் உள்ளே நுழைந்திருப்பாள். பந்து யாருமில்லாத ஓரத்தில் உருண்டு வெளியே போகும். "பழக்கம் மேடம்" என்று கேப்டன் தரையைப் பார்ப்பாள்.

கேப்டனைத் திருத்தியிருக்க வேண்டும். கோலிக்கு மனம் வரவில்லை. எலியைக் கூப்பிட்டாள். "பந்து எங்க போகுதோ அங்க நீ போ." காலைக் கடிக்கும் ஷூவை வாங்காதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், இங்கே ஷூவுக்குத் தகுந்தபடி காலை மாற்றச் சொன்னாள்.

எலி கற்றுக்கொண்டாள். எந்த இடத்தில் வேகம் எடுப்பது, எந்தத் தோளைச் சாய்ப்பது என்று கேப்டனே சொல்லிக்கொடுத்தாள். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. கோலி தலைகால் புரியாமல் திரிந்தாள். எலி ஓடுவதற்கு முன் இடது கால் சாக்ஸை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்து, "இது எப்பலேர்ந்து?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரிக்கவில்லை. "தும்பி அப்படித்தான் செய்வா" என்றாள் ஒருத்தி. எலி தும்பியைப் பார்த்ததே கிடையாது. கோலிக்கு இது சரியில்லை என்று பட்டது. ஆனாலும் ஜெயிக்கிற அணியில் கை வைக்க எந்தக் கோச்சுக்கு மனசு வரும்?

எலி இடது ஓரத்தில் ஓடும்போதெல்லாம் கூட்டம் "தும்பி! தும்பி!" என்று கத்தப் பழகியது. எலி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஃபைனலுக்கு முந்தின சாயங்காலம், ஸ்டோர் ரூமில் கோலி பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். எலி வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், நேத்து மேட்ச்ல எங்கம்மாவும் கத்தினாங்க."

"நல்லதுதானே?"

"தும்பின்னு கத்தினாங்க மேடம். எங்கம்மா." அவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நானும் திரும்பிப் பார்த்தேன்."

கோலியின் கையிலிருந்த பம்ப் நின்றது. தும்பியைப் புதைத்தது காய்ச்சல். இவளை நின்ற நிலையிலேயே புதைத்துக்கொண்டிருப்பது தான்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபைனலில் எலியை வலது பக்கம் ஆடவிட்டாள். இடது ஓரத்தைக் காலியாகவே விட்டாள். நிர்வாகத்தார் முகம் சுளித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் கேப்டன் பழையபடி தலை நிமிராமல் பந்தைத் தள்ளினாள். பந்து வெளியே போனது. மறுபடியும். மறுபடியும். எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. நான்காவது தடவை பந்து புல்லில் தனியாக உருண்டபோது கோலி கோட்டருகே ஓடிவந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"அவ அங்க இல்லடி! தும்பி செத்துப்போயிட்டா!"

அந்த வார்த்தையை அந்த மைதானத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. கூட்டம் அடங்கிப்போனது. கேப்டன் முகத்தை ஜெர்சியில் பொத்திக்கொண்டு நின்றாள். நடுவர் விசிலை இரண்டு தடவை ஊத வேண்டியிருந்தது.

ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து மறுபடி கேப்டனிடம் வந்தது. தலையை நிமிர்த்தி ஆளைத் தேடினாள். "எலி!" என்று கத்தி வலது பக்கம் தள்ளினாள். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். எலி ஓங்கி உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே எங்கேயோ போனது. அதோடு ஆட்டமும் போனது, கோப்பையும் போனது, கோலியின் வேலையும் போனது.

"கண்ணு எங்கடி வெச்சிருந்த?" என்று ஒருத்தி கத்தினாள். "கோட்டை விட்டுட்டியே, எலி!" என்று இன்னொருத்தி அவள் முதுகில் அறைந்தாள். அந்த சீசனிலேயே அவளைப் பெயர் சொல்லித் திட்டியது அன்றைக்குத்தான்.

எலி அழுதுகொண்டே கோலியிடம் வந்தாள். "என்னாலதான் தோத்துட்டோம் மேடம்."

"யாரால?"

"என்னால."

கோலி அந்த வளைந்த விரலோடு அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.